குங்குமம் வைத்த பேரிங்

கையில் ஏறிய கிரீஸ் சோப்புக்குப் போகாது ஐயா. அரப்புத் தூள் போட்டுத் தேய்த்தால் போகும். உங்கள் ஸ்டேஷன் ரைட்டரிடம் சொல்லுங்கள். என் விரல் பட்ட தாளை முகம் சுளித்துக்கொண்டு பிடித்திருக்கிறார்.

என் பெயர் வேல்முருகன். நாமக்கல் பக்கம் தனசேகர் முதலாளியின் கோழித்தீவன ஆலையில் கிரீஸ் மாஸ்டர். அப்படி ஒரு வேலையே கிடையாது என்று கணக்குப்பிள்ளை சொல்வார். விசிட்டிங் கார்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

மக்காச்சோளம் அரைக்கும் மிஷினின் பேரிங்குக்குள் கிரீஸ் போக ஒரு சின்ன வாய் உண்டு. நிப்பிள் என்போம். கிரீஸ் கன்னை அதில் மாட்டி அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயில் இருக்கும் தூசியும் சேர்ந்து உள்ளே போய்ப் பேரிங்கைத் தின்றுவிடும். என் வித்தை மொத்தமும் இவ்வளவுதான். ஆனால் அதற்கும் ஒரு மரியாதை இருந்தது.

ஆயுத பூஜையன்று முதலாளி பூசணிக்காய் உடைத்ததும் ஆலையின் மூத்த மிஷின்காரனுக்கு ஒரு துண்டு போர்த்துவார். வருடா வருடம் எனக்குத்தான். துண்டோடு போய் ஒவ்வொரு நிப்பிளுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பேன். மறுநாள் அதையெல்லாம் நானே துடைத்துவிட்டுக் கிரீஸ் அடிப்பேன்.

இந்த வருடம் கோகுல்ராஜ் என்று ஒரு தம்பி சூப்பர்வைசராக வந்தார். திருச்செங்கோட்டுக்காரர், டிப்ளமா. அளவு காட்டும் புதுக் கிரீஸ் கன் வாங்கிவந்தார். "அண்ணா, மூணு அடி போதுமுங்க. மேல போனா பேரிங் சூடாயிரும்" என்றார். நல்ல பையன். யாரையும் எடுத்தெறிந்து பேசியதில்லை.

பூஜையன்று முதலாளி துண்டை எடுத்தார். நான் வழக்கம்போல் கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். துண்டு என்னைத் தாண்டிப் போய்த் தம்பி தோளில் விழுந்தது. மூட்டை தைக்கும் பழனியம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்னுங்க மாஸ்டரே, கழுத்து சுளுக்கிக்கிச்சுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பொட்டு வைக்கப் போனேன். சந்தனம், குங்குமம், திருநீறு என்று இந்த வருடம் சற்றுத் தாராளமாகவே வைத்தேன். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது.

மறுநாள் கன்னை மாட்டி அடித்தேன். தம்பி சொன்ன மூன்று அடிதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. துடைப்பதைப் பற்றி அவருடைய மீட்டர் எதுவும் காட்டவில்லை.

சில நாளில் பேரிங் சத்தம் போட ஆரம்பித்தது. "மிசினு ஆட்டுக்குட்டியாட்டங் கத்துதுங்க, என்னன்னு பாருங்க சாமி" என்றாள் பழனியம்மாள். துண்டு வாங்கினவரைக் கேள் என்றேன். அவள் போய்ச் சொன்னாள். தம்பி நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணா, நிப்பிளைத் துடைச்சுட்டுத்தானுங்களே அடிச்சீங்க?"

"ஆமாங்க தம்பி."

இதைப் பொய் என்று எழுத வேண்டாம் ஐயா. மேலதிகாரிக்குக் கொடுத்த மரியாதை. அவரும் என்னை நம்பி விட்டுவிட்டார்.

அரைவை அறையில் சோள மாவு எப்போதும் காற்றில் பறந்துகொண்டே இருக்கும். பழுக்கக் காய்ந்த இரும்பு கிடைத்தால் பற்றிக்கொள்ளும். அன்றைக்குக் கருகல் வாசம் முதலில் எனக்குத்தான் வந்தது. அனுபவம். தம்பியைக் கூப்பிட்டு, "உள்ள போயி நீங்களே தொட்டுப் பாருங்க. படிச்சவங்க கை பட்டாத்தான் தெரியும்" என்றேன். போனார். கதவைச் சாத்தியது நான்தான். மாவு வெளியே பறக்கக்கூடாது என்று அவரே போட்ட உத்தரவு அது.

உள்ளே மாவு பற்றி வெடித்தது. ஆம்புலன்ஸிலிருந்து பெட்டியை இறக்கும்போது முதலாளி அழுதார். அந்தத் துண்டைத் தம்பி மேல் போர்த்தியே எடுத்துப் போனார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. நல்ல துண்டு, சென்னிமலை நெசவு.

பூஜைக்கு மறுநாள் கிரீஸ் அடித்தபோது துடைக்கும் துணி எங்கே இருந்தது என்றுதானே கேட்டீர்கள். என் சட்டைப் பையில்தான். அடிக்கும்போது அதில் என் கையைத் துடைத்துக்கொண்டேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆயுத பூஜைக்குள் என்னை விட்டுவிடுவீர்கள்தானே? ஆலையில் இப்போது மூத்தவன் நான் ஒருவன்தான். துண்டு வாங்க வேறு ஆள் இல்லை.