காது படம் போட்ட பொத்தான்

சிம்மாத்ரி: ...என்னால நம்பவே முடியல மாமா. ஷெட்டுக்குள்ள கால்குலேட்டரையே விடாத ஆளு நீ. இன்னிக்கு சாப்ட்வேர் விக்கிற பொண்ண நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்க.

நூகராஜு: அது அப்போ. காலம் மாறிடுச்சுடா மாப்ளே.

சிம்மாத்ரி: போன வாரம்கூட மாறலயே. ஒருத்தன் வந்து காட்டினப்ப, சுருட்டிக்கிட்டு கெளம்புன்னு விரட்டினியே.

நூகராஜு: அவன் காட்டினது பேசுற சாமான். கஸ்டமரு வீட்ல உக்காந்து வண்டிக் கொறைய போன்ல பேசி அனுப்புவானாம், நான் இங்க கேக்கணுமாம். எனக்கு வேற வேல இல்ல? இந்தப் பொண்ணு கொண்டாந்தது எழுத்து. உன் பேரு என்னம்மா சொன்ன?

ஹைமா: ஹைமவதி சார். ஹைமான்னு கூப்பிடுங்க. நான் இப்படி வெளிச்சத்துல, உங்களுக்கு எதிர்லயே உக்காந்துக்கறேன்.

நூகராஜு: பாத்தியா, எவ்வளவு விவரமான பொண்ணு. நீயும் இருக்கியே... எப்பவும் முதுகுக்குப் பின்னாடி நின்னு முணுமுணுன்னு.

சிம்மாத்ரி: மூணு டீ சொல்லட்டுமா?

நூகராஜு: முன் டயரா? அத நாளைக்குப் பாத்துக்கலாம்.

சிம்மாத்ரி: ...சரி மாமா. நாளைக்குப் பாத்துக்கலாம்.

ஹைமா: சார், அவர் டீ...

சிம்மாத்ரி: நீ சொல்லும்மா, உன் சரக்கக் காட்டு.

நூகராஜு: தப்பா நெனைக்காதம்மா. பக்கத்து ஷெட்ல தகரம் தட்டுறான் பாரு, விடிஞ்சா போதும், டங்கு டங்குன்னு. மனுசன் பேசுறது எங்க கேக்குது.

ஹைமா: தகரமா? எனக்கு ஒண்ணும்...

சிம்மாத்ரி: இப்பதாம்மா நிறுத்தினான். டீ குடிக்கப் போயிருப்பான்.

ஹைமா: ஓ... சரி சார். இதப் பாருங்க. வண்டி உள்ள வந்ததும் நம்பர இங்க தட்டணும். போன தடவ எப்ப வந்துச்சு, என்ன மாத்தினீங்க, எல்லாம் வந்துடும். பழைய வண்டி விவரத்தையும் ஏத்திடலாம்.

சிம்மாத்ரி: ஏம்மா, ஒவ்வொரு வார்த்தையா தூக்கி வைக்கற? பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்தியா?

ஹைமா: பழக்கம் சார்.

நூகராஜு: நல்ல பழக்கம். மேல சொல்லு.

ஹைமா: வண்டியில என்ன கொறைன்னு கஸ்டமரே போன்ல எழுதிடுவாரு. நீங்க பிரிச்சுப் பாத்துட்டு போட்டோ எடுத்து அனுப்பினா, அவரு சரின்னு ஒரு தட்டு தட்டுவாரு. அப்புறம்தான் வேல ஆரம்பம்.

நூகராஜு: அப்ப யாரும் வந்து நின்னு பேச வேண்டாம்?

ஹைமா: வேண்டாம் சார்.

நூகராஜு: போன் வராது?

ஹைமா: வராது சார்.

நூகராஜு: எடுத்துக்கறோம்.

சிம்மாத்ரி: இரு மாமா, இரு. ஸ்பேர் பார்ட்ஸ் இருப்பு காட்டுமான்னு கேக்கல. ஜிஎஸ்டி பில்லு போடுமான்னு கேக்கல. கரண்டு போனா என்ன ஆகும்னு கேக்கல. போன் வராதுங்கறதுக்காக ஒரு சாப்ட்வேரா?

நூகராஜு: ஆமா. ஏன், உனக்கு அந்தப் பேசுற சாமான்தான் வேணுமா?

சிம்மாத்ரி: ...வேணாம். எழுத்தே இருக்கட்டும். நல்லதுதான்.

நூகராஜு: என்னடா, ஒடனே ஒத்துக்கிட்ட? எதச் சொன்னாலும் குறுக்க விழுவியே.

சிம்மாத்ரி: நீ பேசி முடி மாமா. நான் அந்த ஸ்கூல் வேன ஒரு டெஸ்ட் டிரைவ் போயிட்டு வந்துடறேன். சாயங்காலம் புள்ளைங்கள ஏத்தணும்.

நூகராஜு: காலையிலயே காது வச்சுப் பாத்தாச்சேடா. டேப்பட்தான், இன்ஜின் வால்வு மேல லூசாகித் தட்டுது. டைட் பண்ணியாச்சு. அதுக்கு எதுக்கு டெஸ்ட் டிரைவு? இவனுக்கு டெஸ்ட் டிரைவ் பைத்தியம்மா. எந்த வண்டி வந்தாலும் கூர்மன்னபாளையம் வரைக்கும் ஒரு உலா போகணும் இவனுக்கு.

சிம்மாத்ரி: காத்தாட இருக்கும்ல.

நூகராஜு: உக்காரு. கையெழுத்து நீயும் போடணும். அம்மா, இது என்ன... ஓரமா, காது படம் போட்டு ஒரு பொத்தான்?

ஹைமா: எது சார்... ஐயோ. அது... அது உங்களுக்குத் தேவைப்படாது சார். அத நீக்கிட்டு வந்திருக்கணும். மறந்துட்டேன்.

நூகராஜு: காது. எனக்குத் தேவைப்படாது? மாப்ளே, இந்தப் பொண்ணு எந்த ஊரு?

ஹைமா: இங்க பக்கத்துல அனகாபல்லிதான் சார்.

நூகராஜு: அப்ப தெரிஞ்சிருக்கணுமே. வாசல்ல பலகைய பாத்தியா? நூகாலம்மா மோட்டார் ஒர்க்ஸ்னு பேரு, பக்கத்துல என்ன வரைஞ்சிருக்கு?

ஹைமா: ஒரு காது சார். ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணும்.

நூகராஜு: அது என் காது. ஸ்க்ரூ டிரைவர் முனைய ஓடுற இன்ஜின் மேல வச்சு, கைப்பிடிய காதுல வச்சேன்னா, உள்ள எது தேஞ்சிருக்கு, எது கழண்டிருக்குன்னு பிரிக்காம சொல்லிடுவேன். துறைமுகத்து லாரி எல்லாம் காஜுவாகா ஆட்டோநகர்ல இத்தன ஷெட்ட தாண்டி இங்க ஏன் வருது? இந்தக் காதுக்குத்தான். இது போச்சுன்னா அந்தப் பலகை வெறும் தகரம். சொல்லு, அது என்ன பொத்தான்?

சிம்மாத்ரி: விடு மாமா, பில்லு எப்படிப் போடுறதுன்னு பாப்போம்...

ஹைமா: ஆமா சார், பில்லு பக்கம்...

நூகராஜு: நான் கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா.

ஹைமா: கஸ்டமர் தன் வண்டி சத்தத்தப் பிடிச்சு அனுப்பலாம் சார். இங்க மெக்கானிக் அதக் கேட்டுட்டு என்ன கொறைன்னு எழுதலாம். உங்களுக்கு வேணாம்னா நான் அந்தப் பக்கத்தையே...

நூகராஜு: இதத்தானம்மா முதல்ல காட்டியிருக்கணும். ஏதாவது சத்தம் வச்சிருக்கியா?

ஹைமா: மாதிரிக்கு ஒண்ணு இருக்கு சார், ஆனா...

நூகராஜு: குடு அந்தப் போன. குடும்மா.

சிம்மாத்ரி: மாமா, நேரமாகுது, வேனு...

நூகராஜு: சத்தம் போடாத. ...ம். ...ம்ம். இரு. ...ஆங். டேப்பட். பழைய டீசல் வண்டி. ரெண்டாவது சிலிண்டர் பக்கம். டக்கு டக்குன்னு என்னமா அடிக்குது பாரு. சரியாம்மா? என்னம்மா முழிக்கற? சரியா தப்பா?

சிம்மாத்ரி: டேப்பட்டேதான். எனக்கே இங்க வரைக்கும் கேட்டுச்சே. அசத்திட்ட மாமா. நீ பில்லு பக்கத்துக்குப் போம்மா.

ஹைமா: இல்ல சார்... நான் இன்னும்...

சிம்மாத்ரி: போம்மான்னா.

நூகராஜு: என்ன சொல்றா? தலையத் தூக்கி இப்படிப் பாத்துச் சொல்லு.

ஹைமா: நான் இன்னும்... பொத்தான அமுக்கவே இல்ல சார். அதுக்குள்ள நீங்க வாங்கிக் காதுல வச்சுட்டீங்க.

நூகராஜு: அமுக்கல?

ஹைமா: போன் சும்மாதான் இருந்துச்சு. சத்தமே வரல.

நூகராஜு: இல்லையே. கேட்டுச்சே. டக்கு டக்குன்னு... இந்தா, இப்பவும் கேக்குதே.

ஹைமா: போன் இப்ப என் கையில இருக்கு சார். அணைஞ்சு இருக்கு. சார், தண்ணி குடிக்கறீங்களா?

நூகராஜு: இரும்மா. டேய் சிம்மாத்ரி.

சிம்மாத்ரி: ம்.

நூகராஜு: எனக்குக் கேட்டது இருக்கட்டும். வராத சத்தம் உனக்கு எப்படிடா கேட்டுச்சு?

சிம்மாத்ரி: அது... பக்கத்து ஷெட்ல தட்டினானா, அதுல ஏதோ...

நூகராஜு: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. பக்கத்து ஷெட்ல தட்டுறானா?

சிம்மாத்ரி: ...இல்ல மாமா.

நூகராஜு: காலையில தட்டினானா?

சிம்மாத்ரி: அவன் மழைக்கு முன்னாடியே காலி பண்ணிட்டு மதுரவாடா போயிட்டான். பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு.

நூகராஜு: மழைக்கு முன்னாடியா... தெனமும் தட்டுறான் தட்டுறான்னு நான் திட்டிட்டிருந்தேனே. நீயும் ஆமா மாமா, ஆமா மாமான்னு...

சிம்மாத்ரி: வேற என்ன சொல்லச் சொல்ற?

நூகராஜு: ராத்திரியில வீட்லயும் கேக்கும். தூரத்துல இருந்தே இப்படிக் கேக்குதே, என்னமாத் தட்டுறான்னு நெனைச்சுக்குவேன். அப்ப அது... என் காதுக்குள்ளயா? அப்ப அந்த டேப்பட்டும்?

சிம்மாத்ரி: ஒரு வருசமா எந்த வண்டி வந்தாலும் டேப்பட்டுதான் மாமா. புல்லட்டு டேப்பட்டு. பொக்லைன் டேப்பட்டு. நல்லவேளை, இன்ஜினே இல்லாத பேட்டரி ஆட்டோ எதுவும் வந்து மாட்டல.

நூகராஜு: சிரிக்காதடா.

சிம்மாத்ரி: நான் எங்க சிரிக்கறேன். சரியாப் பாரு.

நூகராஜு: ...மனுசங்க பேசுறது சரியா பிடிபடலங்கறது எனக்குத் தெரியும்டா. ஒத்துக்கறேன். தட்டுற சத்தத்துல அமுங்கிப் போகுதுன்னு நெனச்சேன். அதான் எழுதுற சாமானா வேணும்னு... பேச்சு போனாலும் இன்ஜின் கேக்குதே, அது போதும்னு இருந்தேன். வீட்ல உங்க அக்காவுக்குத் தெரியுமா?

சிம்மாத்ரி: டிவிய தெருவுக்கே கேக்கற மாதிரி வைக்கற. தெரியாம இருக்குமா? டாக்டர்கிட்ட போகலாம்னா நீ கேப்பியா, பலகையில காது வரைஞ்சு வச்சிருக்கறவன், காது டாக்டர் வாசல்ல போய் நிப்பானான்னு கேப்ப. அதான் அழுதுட்டு சும்மா இருக்கா.

நூகராஜு: நில்லு. எல்லாத்துக்கும் டேப்பட்னு சொல்லியிருக்கேன்ற. ஒரு வண்டிகூடத் திரும்பி வரலயே. ஒருத்தன்கூட வந்து சட்டையப் பிடிக்கலயே. எப்படி?

சிம்மாத்ரி: அதான்... சரி பண்ணிக் குடுத்தோம்ல.

நூகராஜு: யாரு சரி பண்ணது? நீயா? உனக்குப் பெயிண்டும் டிங்கரும் தவிர என்னடா தெரியும்?

சிம்மாத்ரி: டெஸ்ட் டிரைவ் போவேன்ல...

நூகராஜு: போவ. கூர்மன்னபாளையம்.

சிம்மாத்ரி: கூர்மன்னபாளையம் போனதில்ல. பின் வரிசைக்குப் போவேன். அப்பலநாயுடு ஷெட்டுக்கு.

நூகராஜு: எங்க?

சிம்மாத்ரி: அப்பலநாயுடு.

நூகராஜு: மறுபடியும் தப்பா விழுது. யாருன்னு சொல்லு.

சிம்மாத்ரி: சரியாத்தான் விழுந்துச்சு மாமா.

நூகராஜு: என்கூட ஒரே ஷெட்ல இருந்துட்டு, என் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு போனானே, அந்த அப்பலநாயுடுவா? ஒரு கியர் பாக்ஸுக்காக? நான் பேரிங்ன்னேன், அவன் பல்லுன்னான்...

சிம்மாத்ரி: பிரிச்சுப் பாத்தா ரெண்டும் போயிருந்துச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு பேரும் பேசல. எல்லாருக்கும் தெரிஞ்ச கததான்.

நூகராஜு: என் வாசல்ல வந்த வண்டிய, அவன் காதுக்குக் கொண்டு போய்க் காட்டினியா?

சிம்மாத்ரி: வேற யாருக்கு மாமா அந்தக் காது இருக்கு? உனக்குக் கேக்கலன்னு சொல்லல. அப்பன்ன சாமி சத்தியமா சொல்லல. மாமா கண்டுபிடிச்சாச்சு, உன்னால முடியுதான்னு பாத்துட்டு வரச் சொன்னாருன்னு சொல்வேன். அந்தாளுக்கு ரோசம் வந்துடும். ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டு வந்து காது வச்சு, இன்ஜெக்டர்னு போய்ச் சொல்லு உங்க மாமாகிட்டன்னு வீம்பாச் சொல்லுவாரு. எப்படி மாத்துறதுன்னும் கேட்டுக்கிட்டு நான் ஓடி வந்து, நீ பெசரட்டு சாப்பிடப் போற நேரத்துல மாத்திடுவேன்.

நூகராஜு: இன்னிக்கு வேன்? அது என்ன?

சிம்மாத்ரி: அதுக்குத்தான் டெஸ்ட் டிரைவ் போறேன்னு துடிச்சேன். முன் சக்கரத்துல பேரிங் மாமா. உள்ள வரும்போதே உறுமிச்சு. எனக்கே தெரிஞ்சது.

நூகராஜு: பேரிங்கா. புள்ளைங்க வண்டி... நான் டேப்பட்ட டைட் பண்ணிட்டு, கொண்டு போடான்னு சாவியக் குடுத்திருப்பேனே. மேம்பாலத்துல போறப்ப சக்கரம்...

சிம்மாத்ரி: குடுக்க விட்டிருப்பேனா?

நூகராஜு: நீ ஒரு நாளு காய்ச்சல்ல படுத்திருந்தா? அந்தப் பலகைய இறக்கு.

சிம்மாத்ரி: மாமா...

நூகராஜு: இறக்குடா. இந்தக் காதுக்குப் பலகை வேறயா. அந்த அப்பலநாயுடுவுக்கு மட்டும் இது தெரிஞ்சுது, ஆட்டோநகர் முழுக்கத் தம்பட்டம் அடிச்சுட்டு வருவான்.

சிம்மாத்ரி: தெரியாது மாமா. இன்னிக்கு வரைக்கும் போட்டின்னுதான் நெனைச்சிட்டிருக்காரு.

நூகராஜு: நீயும் வெளிய சொல்லிடாதம்மா. வந்த எடத்துல உனக்கு இதெல்லாம் பாக்கணும்னு இருந்திருக்கு. சாப்ட்வேர் இனி எதுக்கு... உங்க ஆபீஸ்ல என்ன சொல்லணுமோ சொல்லிக்க. யாரு உன்ன இந்த ஷெட்டுக்கு அனுப்பினது, உங்க மேனேஜரா?

ஹைமா: இல்ல சார்.

நூகராஜு: அப்ப?

ஹைமா: சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்.

சிம்மாத்ரி: யாரும்மா? அக்காவா?

ஹைமா: அப்பலநாயுடு சார். எங்க சாப்ட்வேர அவரு முதல்லயே வாங்கிட்டாரு. "நூகராஜு ஷெட்டுக்குப் போ, வெளிச்சத்துல உக்காரு, முகத்தப் பாத்து ஒவ்வொரு வார்த்தையாப் பேசு, எழுத்த மட்டும் காட்டு. அந்தக் காது பொத்தான் மட்டும் அவன் கண்ணுல படக் கூடாது, அங்க வர்ற சத்தமெல்லாம் நேரா என் போனுக்கு வர்ற மாதிரி வச்சுக் குடு. பாவம், அந்த சிம்மாத்ரி பய வண்டிய ஓட்டிட்டு வந்து என்கிட்ட தெனமும் பொய் சொல்றதுக்கு ரொம்பக் கஷ்டப்படுறான், பாக்க முடியல"ன்னாரு சார்.