நஸீமின் முட்டைக்கோஸ் பாத்தி

விதை கிடைப்பதுதான் கஷ்டம், ஐயா. கிடைத்துவிட்டால் வளர்ப்பது பெரிய வேலை இல்லை.

அந்த கேம் உங்களுக்குத் தெரியாது என்றீர்கள். அதனால் அதையே முதலில் சொல்கிறேன். ஊர் முழுக்க ஜாம்பிகள். உயிரோடு மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு பேர் ஒளிந்து மறைந்து பிழைக்க வேண்டும். கடைகளில் கிடக்கும் டின் சாப்பாடு சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு விதைத்தால்தான் சாப்பாடு. காலி வீடுகளில் நுழைந்து, சமையலறை இழுப்பறை, கொல்லைப்புறக் கொட்டகை என்று ஒவ்வொன்றாகத் திறந்து தேடினால் எங்காவது ஒரு விதைப் பொட்டலம் கிடைக்கும். அதைக் கொண்டுவந்து, மண்ணைக் கொத்தி, விதைத்து, பூவாளியால் தண்ணீர் ஊற்ற வேண்டும். முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் ஒரு வேளை தப்பினாலும் வாடிப்போகும். உருளைக்கிழங்கு கொஞ்சம் பொறுக்கும்.

சிரிக்கிறீர்கள். பேரன் எடுக்கிற வயதில் ஒருத்தி கம்ப்யூட்டரில் கோஸ் வளர்க்கிறாள் என்று. சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் கிளம்பும்போது ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தால் நீங்களும் செய்திருப்பீர்கள்.

நஸீம் கள்ளப் படகேறி ஸ்பெயினுக்குப் போகப் போகிறான் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடலோர மொஸ்தகானெமில் எந்தத் தாய்க்குத்தான் தெரியாமல் இருக்கிறது? தெரியாத மாதிரி இருந்துகொள்வோம், அவ்வளவுதான். கிளம்புவதற்கு முந்திய வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தான்.

"யம்மா, நான் போய்ச் சேர்ற வரைக்கும் இதுக்குத் தண்ணி ஊத்து. நாம ஆடினாலும் ஆடாட்டியும் அங்க நாள் ஓடிக்கிட்டே இருக்கும். விட்டா காஞ்சிரும்."

"மாடியில இருக்கற புதினாவுக்கு ஒரு நாள் நீ தண்ணி ஊத்தினதில்ல. இந்தப் பொம்மைச் செடிக்கு நான் ஊத்தணுமா?"

"இது நானும் இப்திஸாமும் சேர்ந்து போட்ட பாத்தி. அவங்க வீட்டு நெட் கட்டாயிருச்சு, சரியானதும் வந்துருவா. அதுக்குள்ள காஞ்சு கெடந்தா என்னைக் கொன்னுருவா, யம்மா."

இப்திஸாம் அவனுக்கு நிச்சயம் செய்த பெண். எங்கள் திஜ்தித் பேட்டையிலேயே, இரண்டு தெரு தள்ளி வீடு. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நல்ல பெண். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவளைப் பற்றி ஒரு குறை நான் சொன்னதில்லை.

அவன் போன பிறகு நான் தண்ணீர் ஊற்றினேன். நடக்கவும் கதவு சாத்தவும் பழகிக்கொண்டேன். முதலில் இரண்டு முறை ஜாம்பி என்னைக் கடிக்கப் பார்த்தது. கோடாலி பிடிக்கத் தெரிந்த பிறகு பயம் போய்விட்டது.

அப்புறம் ஸ்பெயினில் அல்மேரியாவிலிருந்து ஒரு போன் வந்தது. ஹமீத் என்றான், அதே படகில் போனவன், வேறு ஊர்ப் பையன். நடுக்கடலில் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்ற நஸீம் எழுந்தானாம். அலை அடித்ததாம். தலை கொஞ்ச நேரம் தெரிந்ததாம்.

"அப்புறம் தெரியலம்மா. நாங்க சுத்திச் சுத்திக் கூப்பிட்டுப் பாத்தோம்." அழுதான். "அவனுக்கு ஒரு பொண்ணு பேசியிருக்குன்னு சொல்லிக்கிட்டே வந்தான். அவங்களுக்கு யார் சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன் தம்பி. நீ யார்கிட்டயும் பேச வேணாம். பத்திரமா இரு."

பிரான்ஸுக்குப் போகிறேன், இந்த நம்பர் இனி இருக்காது என்றான். நல்லது என்றேன். போனை வைத்தேன். தண்ணீர் ஊற்றுகிற நேரம் ஆகியிருந்தது, போய் ஊற்றினேன்.

சொல்லக் கூடாது என்று அன்றைக்கு நான் நினைக்கவே இல்லை, ஐயா. சொல்லத்தான் இருந்தேன். பாத்தியோரம் நின்றுகொண்டிருக்கும்போது திரையின் கீழே எழுத்து வந்தது. வீட்டில் நெட் சரியாகி இப்திஸாம் உள்ளே வந்திருந்தாள். நான் நடமாடுவது நஸீமின் பெயரில்தானே.

"நஸீம்! சேந்துட்டியா? உயிரோட இருக்கியா? சொல்லு, சொல்லு!"

நான் முப்பது வருஷம் நோட்டரி ஆபீசில் தட்டச்சு செய்தவள். அடுத்தவர் சொல்வதை அவர் சொல்கிற மாதிரியே அடிப்பது எனக்குக் கைப்பழக்கம். "சேந்துட்டேன்" என்று அடித்தேன். அவ்வளவுதான். அந்தப் பக்கம் அவளுடைய பொம்மை துள்ளித் துள்ளிக் குதித்தது. ஒரு பெண்ணை அவ்வளவு சந்தோஷப்படுத்தியதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. நஸீம் அல்மேரியாவில் பிளாஸ்டிக் கூடாரத் தோட்டங்களில் தக்காளி பறிக்கிறான் என்று ஊருக்குச் சொன்னேன். பெண்கள் வாழ்த்த வந்தார்கள். குஸ்குஸ் ஆக்கிப் போட்டேன். போனில் ஏன் முகம் காட்டுவதில்லை என்று இப்திஸாம் கேட்டாள். படகில் பெட்ரோலும் உப்புத் தண்ணீரும் பட்டு முகம் வெந்துவிட்டது, ஆறட்டும் என்று எழுதினேன். குரலாவது கேட்கிறேனே என்றாள். ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுத்திருக்கிறோம், முதலாளிக்குக் கேட்டால் துரத்திவிடுவான் என்றேன். அவள் நம்பினாள். நம்ப ஆசைப்படுகிறவர்களிடம் சொல்வதை ஏமாற்றுவது என்று சொல்ல முடியாது.

குளிர்காலம் வந்ததும் எங்களிடம் விதை தீர்ந்துபோனது. இரண்டு பேரும் கேமில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பேட்டைக்குத் தேடப் போனோம்.

"மெதுவா வா. ஜன்னல் பக்கம் நிக்காத," என்று எழுதினேன்.

"நீ எப்பயிருந்து இப்படி பயந்தாங்கொள்ளியான?"

"கடலைப் பாத்தப்புறம்."

அவளுடைய பொம்மை ஜன்னலை விட்டு விலகி என் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு எழுதினாள். "முன்னெல்லாம் நீ என்னை முன்னாடி அனுப்பிட்டுப் பின்னாடி நின்னு சிரிப்ப. இப்பத்தான் என்னைப் பாத்துக்கற. இந்த நஸீமைத்தான் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

அன்றைக்கு ஒரு கொட்டகையில் உருளை விதை கிடைத்தது. இரண்டு பேரும் அதைச் சுமந்துகொண்டு ஓடிவந்தோம், பின்னால் ஒரு கூட்டமே துரத்தியது. என் மகன் அவளுக்கு எவ்வளவு நல்லவனாக இருந்தான் பாருங்கள்.

அவளுக்கு வேறு இடம் பார்த்தார்கள் என்பது உண்மை. கெலிசானிலிருந்து ஒரு இன்ஜினியர். மாப்பிள்ளை வீட்டார் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "என்ன சொல்லட்டும் நஸீம்? அம்மா அழறாங்க," என்று கேட்டாள். அவனைக் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. "உருளை பூத்திருக்கு, நாளைக்கு வந்து பாரு," என்று மட்டும் எழுதினேன். மறுநாள் வந்தாள். இன்ஜினியரை அனுப்பிவிட்டேன் என்றாள். அது அவள் எடுத்த முடிவு. அதற்குப் பிறகு வந்தவர்களையும் அப்படியே அனுப்பினாள். வருஷங்கள் போயின, அவளுக்கு முப்பது தாண்டியது. இதையும் என் கணக்கில் எழுதப் பார்க்காதீர்கள்.

சந்தேகப்பட்டவன் ஒருத்தன் உண்டு. நஸீமின் சிநேகிதன் ஸுஹைப். அவனும் அந்த கேமில் இருந்தான். "நஸீமுக்கு ரெண்டு வார்த்தை ஒழுங்கா எழுத வராது. இவன் கமா, புள்ளி எல்லாம் வைக்கறான். இவன் அவன் இல்ல," என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் முன்னாலேயே என்னைச் சோதித்தான். சின்ன வயதில் எதில் விழுந்து முட்டிக்குக் கீழே தழும்பு வந்தது என்று கேட்டான். அந்தக் காயத்துக்கு மருந்து போட்டவளிடமா கேட்பது? உடைந்த சோடா பாட்டில், கல்யாண வீட்டு வாசல், அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டையின் நிறம் வரைக்கும் சொன்னேன். ஸுஹைப் மன்னிப்புக் கேட்டான். பிறகு அவனை உள்ளே வர முடியாதபடி தடுத்துவிட்டேன். அந்த உலகம் நஸீமுடையது, யார் வரலாம் என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்க விரும்புவதற்கு வருகிறேன்.

இந்த வசந்தத்தில் ஒரு மத்தியானம் இப்திஸாம் எழுதினாள். "வளையலெல்லாம் வித்துட்டேன். படகுக்காரன்கிட்ட பேசிட்டேன். உன் முகம் எப்படி இருந்தாலும் பரவால்ல. நான் வரட்டுமா?"

நான் உடனே பதில் எழுதவில்லை, ஐயா. அதை ஒத்துக்கொள்ளுங்கள். எழுந்து போய் டீ போட்டேன். வராதே என்று எழுதினால் ஏன் என்பாள். வேறு எவளாவது இருக்கிறாளா என்பாள். அதற்கு என்ன பதில் சொன்னாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். என் மகன் ஒரு முறை தண்ணீருக்குள் போனதை நான் போனில் கேட்டுவிட்டேன். இரண்டாவது முறை என் கையாலேயே அவனைத் தள்ளச் சொல்கிறீர்களா?

"வா" என்று அடித்தேன்.

"கரையில நிப்பியா?"

"நிப்பேன்."

போவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொல்ல வந்தாள். மீன் பொரித்திருந்தேன், உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"மாமி, அவனுக்கு என்ன கொண்டு போகட்டும்?"

"நீ போனா போதும்."

"நீங்க ஏன் அழல? எங்கம்மாவா இருந்தா வீட்டையே ரெண்டாக்கியிருப்பாங்க."

"அழுதா நின்னுடுவியா?"

சிரித்தாள். "மாட்டேன். ஆனா நீங்க போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னா யோசிப்பேன் மாமி. உங்க பேச்சை நான் தட்டினதில்ல."

என் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். உண்மையாகவே காத்திருந்தாள். நான் எழுந்து நஸீமின் கம்பளிச் சட்டையை எடுத்துவந்து கொடுத்தேன். கடலில் குளிரும் என்றேன். அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வழிக்கு நாலு ம்ஸம்மன் ரொட்டி சுற்றிக் கொடுத்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினேன்.

படகு மட்டும் ஸ்பெயின் கரையில் ஒதுங்கியதாக நீங்கள் சொல்லித்தான் தெரியும். பை கிடைத்ததாம், அவள் கிடைக்கவில்லையாம். வெளியே தாழ்வாரத்தில் அவள் அம்மா லால்லா ஃபதீஹா என்னைக் கொலைகாரி என்று கத்திக்கொண்டிருக்கிறாள். கத்தட்டும். மகளின் கம்ப்யூட்டரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து உங்களிடம் கொடுத்ததும் அவள்தான். அதைப் படித்தீர்களே, அதில் ஒரு கெட்ட வார்த்தை உண்டா? ஒரு நாளாவது அந்தப் பெண்ணின் மனசு நோக எழுதியிருக்கிறேனா? உயிரோடு இருக்கிற புருஷன்மார் எத்தனை பேர் அப்படிப் பேசுகிறார்கள்?

எழுதச் சொல்லுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். நஸீம் செத்துப்போனது எனக்கு முதலிலிருந்தே தெரியும். வா என்று அடித்தபோதும் தெரியும். மீன் பரிமாறியபோதும், அவள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தபோதும் தெரியும். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் ஏமாற்றினேன் என்கிற வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். அவள் நஸீமிடம் போக வேண்டும் என்றாள். நான் அவளை நஸீமிடம்தானே அனுப்பிவைத்தேன்.