கேரம் என்று எழுதிய கோடு

முதலில் டீயைக் குடியுங்கள். நான் போடும் டீ சூடாக இருக்கும்வரைதான் டீ, ஆறிவிட்டால் கஷாயம். ஆன்டெனாவைக் கழற்ற அவசரமில்லை, அது எங்கேயும் ஓடிவிடாது. கம்பத்தில் இரண்டு பென்சில் கோடுகள் இருக்கின்றனவே, ஒன்றின் பக்கத்தில் 'வகுப்பு' என்றும் இன்னொன்றின் பக்கத்தில் 'கேரம்' என்றும் யார் எழுதியது என்று கேட்டீர்கள். நான்தான் எழுதினேன். கேட்டவரிடம் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முப்பது வருஷம் நில அளவையராக வேலை பார்த்தவன் நான். ஓர் இடத்தை அளந்தால் அங்கே குறி போட வேண்டும், குறி போட்டால் பக்கத்தில் பெயர் எழுத வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை', உப்பு டப்பாவில் 'உப்பு' என்று எழுதி ஒட்டினேன். "என் நெத்தியிலயும் பொண்டாட்டின்னு எழுதி ஒட்டிடுங்க, மறந்துடப் போறீங்க" என்பாள் என் வீட்டுக்காரி. அவள் வாயைத் திறந்தால் சுற்றியிருப்பவர்களுக்குச் சிரித்து மாளாது. கணக்கு டீச்சர் வேறு. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் கேட்ட எதற்கும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

அவளும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. மாலை நான்கு மணிக்கு டீ, அப்புறம் ஹாலில் கேரம். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவள்தான் ஜெயிப்பாள். எனக்கு அதில் வருத்தமே கிடையாது. எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். அப்படி ஓர் எட்டு மாதம் ஓடியது. ஒன்பதாவது மாதம், இன்டர்நெட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போகிறேன் என்று கிளம்பினாள்.

அப்போது எங்களிடம் இருந்தது சாட்டிலைட் இணைப்பு. மலைகளுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் தெரு இது, கேபிள் போட யாரும் வந்ததில்லை. மாடியில் ஒரு பெரிய டிஷ். இவள் பேசுவது வானத்துக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்பாள். பதில் வரவில்லையே என்று மறுபடி ஆரம்பிப்பாள். அதற்குள் "புரிஞ்சுது டீச்சர்" வந்து நடுவில் முட்டிக்கொள்ளும். மேகம் திரண்டால் அதுவும் இல்லை. பிள்ளைகள் நாலு பேர்தான் சேர்ந்தார்கள். ஐந்தரை மணிக்கெல்லாம் வானத்தோடு மல்லுக்கட்ட முடியவில்லை என்று எல்லாவற்றையும் மூடிவிட்டு ஹாலுக்கு வந்துவிடுவாள். அந்த டிஷ் மேல் எனக்கு மரியாதையே உண்டு. நான் ஒரு துரும்பைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லை.

மலைகளுக்கு அந்தப் பக்கம் புதிதாக மொபைல் டவர் வந்தது. டிஷ்ஷை எடுத்துவிட்டு மொபைல் டேட்டா போட்டுக்கொள்ளலாம், ஒரு சிம், ஒரு ரவுட்டர், மாடியில் ஒரு ஆன்டெனா, அவ்வளவுதான் என்றாள். உடனே சரி என்றேன். உங்கள் ஆட்கள் வந்து பொருத்தினார்கள். குறை சொல்லவில்லை, ஆனால் கண்ணால் குத்துமதிப்பாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. திசைகாட்டியை எடுத்துக்கொண்டு ஏறினேன். இரண்டு மலைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரிகிறதா, அதில்தான் டவர் இருக்கிறது. நூல் நூலாகத் திருப்பி, அரை நாள் வெயிலில் நின்று, சிக்னல் முழுசாக வந்ததும் கோடு போட்டு 'வகுப்பு' என்று எழுதினேன். கீழே போனதும் என் கன்னத்தைக் கிள்ளி, "நீங்க மனுஷன் இல்லங்க, மந்திரவாதி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு நானே வைத்துக்கொண்ட சூனியம் அது. இரண்டே மாதத்தில் நாலு பிள்ளைகள் நாற்பது ஆனார்கள். நான்கு மணிக்குக் கதவைச் சாத்தினால் எட்டு மணிக்குத்தான் திறப்பாள். உள்ளே நாற்பது பேரும் இவளும் சேர்ந்து சிரிப்பது ஹால்வரை கேட்கும். கேரம் போர்டு சுவரில் சாய்ந்து நின்றது. ஒரே ஓர் ஆட்டம் என்று கேட்டால், நாளைக்கு என்பாள். எத்தனையோ நாளை வந்து போயின.

ஒரு நாள் காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு வந்தவன், ஆன்டெனாவைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பினேன். என்ன ஆகிறது பார்க்கலாம் என்றுதான். அளவில் எனக்குக் கண்டிப்பு உண்டு. ஐந்து டிகிரி திருப்பினால் அவளுக்குத் தெரியவே தெரியாது. இருபது திருப்பினால் லைன் செத்துவிடும், உடனே உங்களுக்குப் போன் போட்டுவிடுவாள். பன்னிரண்டு சரியாக இருந்தது. குரல் விட்டுவிட்டு வரும், முகம் நடுவில் உறைந்து நிற்கும், ஆனால் வகுப்பு நடப்பதுபோலவே இருக்கும். சரியான இடம் கிடைத்தால் குறி போடாமல் எப்படி விடுவது? பெயரும் எழுதினேன்.

அன்று ஐந்தரைக்கு வெளியே வந்தாள். மூன்று ஆட்டம் ஆடினோம், மூன்றிலும் தோற்றேன். பரம சந்தோஷம்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், அதற்கு மேல் இல்லை. நான் பேராசைக்காரன் அல்ல. அவள் வெளியே வருவதற்குள் பழைய கோட்டுக்கே திருப்பிவிடுவேன். அப்படியும் அவள் புகார் சொல்லி, உங்கள் ஆட்கள் இரண்டு முறை வந்து, லைனில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உங்களை வீணாக அலைய விட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

லைனில் குறையில்லை என்றால் குறை தன்னிடம்தான் என்று அவள் முடிவுகட்டுவாள் என நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் பேசுவது பாதிதான் காதில் விழுகிறது, காது போய்விட்டது என்றாள். காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, காதுக்கு ஒன்றுமில்லை என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"காது நல்லா இருக்குன்னா, அப்ப மூளைதான் மங்குதாங்க?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இரண்டு நிறுத்தம் தாண்டும்வரை யோசித்தேன். "வயசாகுதுல்ல, எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்காத" என்றேன். சத்தமில்லாமல் அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பஸ் பயணம் பிடித்திருந்தது. அவள் என் மேல் அப்படிச் சாய்ந்து பல வருஷம் ஆகியிருந்தது.

அப்புறம் அவளாகவே பிள்ளைகளைக் குறைத்துக்கொண்டாள். நாற்பது, பத்து ஆயிற்று. மூன்று இலக்கப் பெருக்கலை வாயாலேயே போடுகிறவள், "ஒன்பதேழு அறுபத்துமூணு தானேங்க?" என்று அடுப்படியிலிருந்து கேட்பாள். ஆமாம் என்பேன். கணக்கில் நான் அவளிடம் பொய் சொன்னதே இல்லை. கேரம் ஆடும்போது விரல் நடுங்க ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஜெயித்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

போன மாதம் ஒரு பெரிய ஆன்லைன் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். காலை பதினோரு மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு, பிடித்திருந்தால் நிரந்தர வேலை. நான்கு நாள் தூங்காமல் தயார் செய்தாள். இந்த ஒரு வகுப்பாவது ஒழுங்காக நடந்துவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்புவேன் என்றாள். உடம்பு கெட்டுவிடப் போகிறதே என்று எனக்குக் கவலை. பத்து ஐம்பதுக்கு ஏறித் திருப்பிவிட்டு வந்தேன். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று பத்தொன்பது தடவை கேட்டாள். பிறகு சத்தமில்லை. நான் ஹாலில் போர்டை விரித்துக் காய்களை அடுக்கினேன்.

வெளியே வந்தவள் உட்காரவில்லை. துணிக்கூடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கொடியில் இருந்தது நாலே துணி. இறங்கி வர அரை மணி நேரம் ஆயிற்று. ஆன்டெனாவைத் திருப்பிவைக்க அன்றைக்கு எனக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. கூடையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து ஆட ஆரம்பித்தாள். விரல் நடுங்கவே இல்லை. கடைசிக் காய்வரை என் முறை வரவேயில்லை. பழையபடி ஆகிவிட்டாளே என்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

மறுநாள் அவளே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, நேரில் வந்து பாடம் எடுக்கிறேன் என்றிருக்கிறாள். அவர்களுக்கு நகரத்தில் சொந்தக் கட்டடம் இருக்கிறது, தங்க அறையும் உண்டு. ஒரே ஒரு பெட்டிதான் எடுத்துக்கொண்டாள். இந்த இணைப்பை நிறுத்தச் சொல்லி உங்களுக்கு எழுதிப் போட்டதும் அவள்தான். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இனிமே நீங்க மாடிக்கு ஏற வேணாம். இதுவரைக்கும் ஏறினது போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு தூரம் போகிற நேரத்திலும் அவளுக்கு என் மூட்டுவலிதான் கவலை.