சீக்கு வீடு

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. தலைவலி மாத்திரையை அப்புறம் போட்டுக்கொள்கிறேன். டீ குடிக்கவே நான் கல்யாணமாகி, ஒரு பிள்ளையைப் பெற்று, அதைப் பறிகொடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதுவரை எங்கள் வீட்டில் டீ கிடையாது. கண்ணாடி, பூ, ரேடியோ எதுவும் கிடையாது. சபையில் கூடாது என்பதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் பேனாவில் மை தீர்ந்துவிடும். இந்த விஷயத்துக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். மருந்து சாப்பிடக் கூடாது. சபையை விட்டுப் போனவர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது.

முத்தாபுதுப்பேட்டையில் நீளமாக ஓர் ஓலைக் கொட்டகை இருக்கிறதே, அதுதான் எங்கள் சபை. அது கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை. எல்லோரும் வெள்ளை உடுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து பாடுவோம். என் அப்பா குடித்தே செத்த பிறகு, கழனியில் கூலி வேலை செய்துகொண்டிருந்த என் அம்மா கெங்கம்மாள், என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தாள். அம்மாவுக்குச் சோறு போட்டது அந்தக் கொட்டகை. நாலு பேர் நடுவில் மரியாதையாக உட்கார வைத்ததும் அதுதான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என் வீட்டுக்காரர் உலகநாதன் என்னைக் கட்டிக்கொள்வதற்காகவே சபைக்கு வந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். வாய் ஓயாத மனிதர். எனக்காகப் பாட்டெல்லாம் கற்றுக்கொண்டு, சுருதி சேராமல் பாடுவார். எங்கள் மூத்த பையனுக்குக் காய்ச்சல் கண்டபோது சபை வந்து சுற்றி உட்கார்ந்தது. அவர் பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அம்மா என் தலையில் கை வைத்து, "நில்லு கன்னிம்மா, நம்பி நில்லு" என்றாள். நான் நின்றேன். பையன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்ததும் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெமிலிச்சேரிக்குக் கிளம்பினார். "வர்றதுனா வா. வயித்துல கீற புள்ளையாச்சும் பொழைக்கட்டும்" என்றார். ராணி அப்போது வயிற்றில். நான் அவர் பின்னால் போனேன். அம்மா என்னைப் பார்த்தபடியே நின்று, பிறகு மெல்லச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். விட்டுப் போகிறவர்களுக்குச் சபை செய்கிற மரியாதை அது. அதற்கு முன்னால் எத்தனையோ பேருக்கு நானும் அப்படித் திரும்பியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புது வாழ்க்கையைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குப் பூ வைத்துக்கொள்ளத் தெரியாது. பக்கத்து வீட்டு அங்கம்மா வைத்துவிட்டால், தெருமுனை வரை போய் அதைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொள்வேன். முதல் தீபாவளிக்கு அவர் மத்தாப்பைக் கையில் கொடுத்தார். அதை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஊதினேன். "அய்யே, இன்னாமே அட்ப்பு ஊதுற மாதிரி ஊதுற!" என்று அங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சினிமாவுக்குக் கூட்டிப்போனார். படம் முடியும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, நல்லா இருந்தது என்று அவரிடம் சொன்னேன். பிரசவத்துக்கு முன்னால் நர்சம்மா வெள்ளை வெள்ளையாகச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றைக்கூட விழுங்கவில்லை. தூக்கிப் போடவும் பயமாக இருந்தது. ஒரு துணியில் முடிந்து அரிசி டின்னுக்குள் வைத்தேன். சபையை விட்டுவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அம்மாவை அடிக்கடி பார்ப்பேன். நான் அவளைப் பார்ப்பேன், அவள் என்னைப் பார்க்கமாட்டாள். ஒரு தடவை பட்டாபிராம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள், என் குரல் கேட்டதும் கூடையை அப்படியே வைத்துவிட்டு மூடியிருந்த ஒரு கடையின் கதவைப் பார்த்து நின்றாள். ராணி என் கையைப் பிடித்து இழுத்து, "அந்த ஆயா இன்னாத்துக்கு கதவப் பாத்துகினு நிக்குது?" என்று கேட்டாள். கூட்டத்தில் நின்று அழுதேன். அதுதான் உன் ஆயா என்று அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு கம்பெனியில் இரும்புச் சட்டம் சரிந்து என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. காயம் ஆறியது, ஆனால் வலிப்பு வந்துவிட்டது. முதல் வலிப்பு வீட்டில்தான் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலமே வாசலில் வெள்ளைப் புடவைகள் தெரிந்தன. சபையின் மூத்தவள் வேம்புலியம்மாள் முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் என் அம்மா.

சபையில் ஒரு விதிவிலக்கு உண்டு மேடம். விட்டுப் போனவர் வீட்டில் யாராவது படுத்துவிட்டால், ஆண்டவர் அந்த வீட்டைப் பிடித்துத் திரும்ப இழுக்கிறார் என்று பொருள். அதைச் சீக்கு வீடு என்பார்கள். சீக்கு வீட்டுக்குள் போகலாம், முகம் பார்க்கலாம், பேசலாம். நோயாளி எழுந்துவிட்டாலோ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினாலோ, உயிர் போனாலோ உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். "இளைச்சுப் பூட்டியேமா" என்றாள். ராணியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவள் கை என் தலையில் இருந்தது. அவர் பாயில் கிடந்தார். நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலிப்பு நின்றது. அம்மாவும் நின்றுபோனாள். அடுத்த வாரம் ரயில்வே கேட்டில் என்னைப் பார்த்து, கம்பத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு மழைக்காலத்தில் மாத்திரை தீர்ந்து, வாங்கப் போகமுடியாமல் விட்டுப்போயிற்று. வலிப்பு வந்தது. அம்மா வந்தாள். அந்தத் தடவை நான் எதுவும் செய்யவில்லை, சத்தியமாக மழைதான். ஆனால் அதை மனசில் குறித்துக்கொண்டேன்.

அவர் மாத்திரை போடுவதில் ரொம்பக் கறார். மூத்தவன் போனதிலிருந்து மாத்திரை என்றால் அவருக்குச் சாமி மாதிரி. ஆனால் எடுத்து நீட்டுவது நான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கையை நீட்டுவார், நான் மாத்திரையும் தண்ணீரும் கொடுப்பேன். பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்வார். என்னிடம் அவ்வளவு நம்பிக்கை. அவருடைய மாத்திரையும் வெள்ளை, என் சத்து மாத்திரையும் வெள்ளை.

மாத்திரையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். ஒன்றும் இல்லாததை மாற்றிக் கொடுப்பதில் என்ன பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடமும் அப்படியே சொல்லலாம் என்றுதான் வரும்போது நினைத்தேன். ஆனால் அவருடைய நல்ல மாத்திரைகளை நான் வீசவில்லை மேடம். அதே அரிசி டின்னுக்குள் பத்திரமாக வைத்தேன். அம்மா வந்துவிட்டுப் போனதும் எடுத்துக் கொடுப்பேன், அவர் எழுந்து வேலைக்குப் போவார். அம்மா இல்லாமல் இருக்க முடியாமல் போகும்போது மறுபடி மாற்றுவேன். அந்த மாத்திரையில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த டாக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்படியே போயிற்று. அவருக்கு ஓவர்டைம் கொடுப்பதை நிறுத்தினார்கள். நாக்கைக் கடித்துக் கடித்து ஒரு பக்கம் புண்ணாகிவிட்டது, காரம் சாப்பிட முடியாது. "நல்லாத்தான மாத்திர போட்டுகினு கீறேன், ஏன் கன்னி இப்டி ஆவுது?" என்று கேட்பார். கேட்டுவிட்டு என்னைத் தேற்றுவார். "நீ பயப்படாத. நான் அவ்ளோ சீக்கிரம் பூட மாட்டேன்" என்பார். நான் அவருக்காக மோர்ச்சோறு பிசைந்து ஊட்டுவேன். ஊட்டும்போது எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆசையாக இருக்கும். இதைக் கேட்டு உங்களுக்கு அருவருப்பாக இருந்தால் அது நியாயம்தான்.

போன மாதம் வேம்புலியம்மாள் சொன்னாள், வயசான பெண்களைத் திருவண்ணாமலைப் பக்கம் இருக்கிற சபை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். அம்மாவும் போகிறாள். போனால் திரும்ப வரமாட்டார்கள். அதனால் இந்தத் தடவை வழக்கத்தைவிட அதிக நாள் மாற்றிக் கொடுத்தேன். அம்மா கொஞ்சம் கூடுதலாகத் தங்குவாள் என்று பார்த்தேன்.

அன்றைக்கு மத்தியானம் வலிப்பு வந்து, விட்டு, மறுபடி வந்தது. பிறகு விடவே இல்லை. சபை சுற்றி உட்கார்ந்து பாடியது. அம்மா என்னைச் சாய்த்துக்கொண்டு, எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையால் வருடிக்கொண்டே கதை சொன்னதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள். அங்கம்மா வாசலில் நின்று கத்தினாள்.

"இன்னாமே பாத்துகினு குந்தினு கீற? மூஞ்சி நீலமாப் பூட்ச்சு! ஆட்டோ இட்டாரட்டா? ஒரு வார்த்த சொல்லுமே!"

ஆட்டோ வந்தால் அம்மா எழுந்துவிடுவாள். அவள் கை என் தலையில் இருந்தது. நான் சொன்னேன்: "இரு அங்கம்மா. பாட்டு முடியட்டும்."

இரு என்றுதான் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைத் தூக்கத்திலும் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லும்போதுதான் அதில் ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. பாட்டு முடிவதற்குள் அவர் முடிந்துவிட்டார்.

அம்மா கையை எடுத்தாள். எழுந்தாள். செத்த வீடு சீக்கு வீடு இல்லை. "அம்மா" என்று கூப்பிட்டேன். அவள் சுவர் பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டினாள். பிணத்தை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் விட்டுவிட்டு எல்லா வெள்ளைப் புடவைகளும் போய்விட்டன.

காட்டுப்பாக்கத்திலிருந்து என் நாத்தனார் தாட்சாயிணி அலறிக்கொண்டு வந்தாள். அவர்கள் சபைக்காரர்கள் இல்லை, அண்ணனுக்கு முறைப்படி எல்லாம் செய்யவேண்டும் என்றாள். வாய்க்கரிசி போட அவள்தான் டின்னுக்குள் கையை விட்டாள். அரிசியோடு துணி முடிச்சும் வந்தது. அவிழ்த்தாள். அண்ணனுடைய மாத்திரை அவளுக்குத் தெரியும், ஆரம்பத்தில் அவள்தான் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வந்தவள். என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னை அடிக்கக்கூட இல்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் உலகநாதனைக் கன்னியம்மாவாகிய நான்தான் கொன்றேன். வலிப்பு கொல்லவில்லை, சபையும் கொல்லவில்லை. அம்மாவுக்கு மாத்திரை விஷயமே தெரியாது. அவளை இதில் இழுக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு ராணி என் மடியில் படுத்து அழுதுகொண்டிருந்தாள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. சுடவில்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உடனே பிள்ளையை எழுப்பி, அங்கம்மா கையில் பிடித்துக் கொடுத்து, தாட்சாயிணி வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னேன். பிள்ளை அங்கேயே இருக்கட்டும். நான் கெஞ்சினாலும், காலில் விழுந்தாலும், அவளை என் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

கையெழுத்து எங்கே போடவேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மேடம். அம்மாவை நாளைக்கு வண்டி ஏற்றிவிடுவார்களாம். அதற்குள் யாரையாவது கொட்டகைக்கு அனுப்பி, கன்னியம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ஸ்டேஷனில் படுத்துக் கிடக்கிறாள் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பொய் ஒன்றும் இல்லை. எனக்குக் காலையிலிருந்து தலை வலிக்கத்தான் செய்கிறது. நீங்கள் கொடுத்த மாத்திரையை இன்னும் நான் போடவில்லை.