முந்தானை ஓட்டம்

புடவை கட்டிக்கொண்டு ஓடுவது வெளியே நின்று பார்ப்பவர்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. கொசுவத்தைக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஏற்றிச் செருகி, உள்ளே ஒரு லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு, முந்தானைக்குத் தோளில் ஒரு ஊக்கு, இடுப்பில் ஒரு ஊக்கு குத்திவிட்டால் போதும். பருத்திதான் நல்லது. சிந்தெடிக் என்றால் வியர்வையில் காலைச் சுற்றிக்கொள்ளும். இதையெல்லாம் படத்தோடு என் வலைப்பதிவில் எழுதியிருக்கிறேன், மேடம். நீங்கள் படித்தீர்களோ என்னவோ. பெரும்பாலும் யாரும் படிக்கவில்லை.

நீங்கள் கேட்டது ராகவேந்திரன் சாரைப் பற்றி. சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கமும் உங்களுக்குப் புரியும்.

பத்து வருஷமாக 'மூணாவது மாடி' என்ற பெயரில் எழுதுகிறேன். மந்தைவெளியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் ஆரம்பித்தது. என் கணவர் பாலகணேஷ் காலையில் தி. நகர் பாத்திரக் கடைக்குப் போனால் ராத்திரிதான் வருவார். எனக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது. திருநெல்வேலி சொதி, பால்கனியில் வைத்த கருவேப்பிலைச் செடி, பாண்டி பஜாரில் வாங்கிய ரவிக்கைத் துணி என்று தோன்றியதை எழுதினேன். ஒரு காலத்தில் தினம் ஐந்நூறு பேர் வந்தார்கள். போன வருஷம் அது முப்பதாகிவிட்டது.

அந்த முப்பது பேரில் ஒருவர்தான் ராகவேந்திரன் சார். நங்கநல்லூர்க்காரர். ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போன பிறகு, என் பதிவைப் பார்த்துத்தான் சமைக்கக் கற்றுக்கொண்டதாக ஒரு தடவை எழுதியிருந்தார். நான் என்ன எழுதினாலும் அவருடைய குறிப்பு அடியில் இருக்கும். 'வணக்கம் . தங்கள் சொதி நன்று . இஞ்சி சற்றுக் குறையலாம் .' முற்றுப்புள்ளிக்கு முன்னால் ஒரு இடம் விடுவது அவர் வழக்கம். எதற்கு என்று நான் கேட்டதில்லை. நேரில் பார்த்ததும் இல்லை.

பதிவை மாற்றச் சொன்னது கீர்த்தி. கொட்டிவாக்கத்தில் இருக்கிறாள். இந்த மாதிரி தளங்களை வடிவமைப்பது அவள் வேலை. இதே மேஜையில் உட்கார்ந்து சொன்னாள்.

"அக்கா, சொதியெல்லாம் இப்ப முப்பது செகண்ட் வீடியோல பாத்துடறாங்க. யார் உக்காந்து படிப்பாங்க? உங்க லைஃபை எழுதுங்க. உங்களுக்கு ஏதாவது ஒண்ணு நடக்கணும்."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எனக்கு எதுவும் நடந்ததில்லை. அதனால் நாற்பது வயதுக்குள் நாற்பது புதிய காரியங்கள் செய்து பார்ப்பது என்று முடிவு செய்து, பதிவின் நிறத்தையும் அமைப்பையும் மாற்றினேன். களிமண்ணில் சட்டி செய்தேன். நீச்சல் குளத்தில் இறங்கினேன். அவற்றையும் முப்பது பேர்தான் படித்தார்கள். ராகவேந்திரன் சார் மட்டும் 'புதிய முயற்சி . வாழ்த்துகள் . சமையலையும் விடாதிருக்க வேண்டுகிறேன் .' என்று எழுதினார்.

ஏழாவது காரியம் முந்தானை ஓட்டம். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்று நடத்தியது. பெண்கள் மட்டும், எல்லோரும் புடவையில், பெசன்ட் நகர் கடற்கரையில் தொடங்கி அடையாறு பக்கம் சுற்றித் திரும்பி வர ஐந்து கிலோமீட்டர். யாரும் ஜெயிக்க வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே ஓடினால் போதும். அதற்காக தினமும் காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஓடிப் பழகினேன்.

அங்கேதான் அந்தச் செருப்புச் சத்தம். நான் ஓடும்போது பின்னால் வந்தது. நான் நின்றேன், அதுவும் நின்றது. இது உண்மையிலேயே நடந்தது, மேடம். பின்னால் வந்த பெரியவருக்குச் செருப்பு வார் அறுந்துபோய் நின்றார் என்பதும் உண்மைதான். அதை நான் எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதினால் பதிவு நீண்டுவிடும்.

மறுநாள் நாலாயிரம் பேர் படித்திருந்தார்கள். முன்பின் தெரியாத பெண்கள் 'அக்கா ஜாக்கிரதை', 'தனியாகப் போகாதீர்கள்' என்று எழுதினார்கள். ஒருத்தி தனக்கு நடந்ததைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். படித்து அழுதேன். ஒரு வாரம் கழித்து எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? அப்புறம் ஒன்றும் ஆகவில்லை என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதனால் பின்தொடர்ந்தவன் எழுதுவதுபோல் முதல் குறிப்பைப் பெயர் போடாமல் நானே எழுதினேன். எழுதிப் படித்துப் பார்த்தால் பெண் எழுதியதுபோல் இருந்தது. என்னுடைய நடை அப்படி. ஒரு ஆண் எப்படி எழுதுவான் என்று யோசித்தபோது எனக்குத் தெரிந்த நடை ஒன்றுதான் இருந்தது. 'வணக்கம் . நேற்று தாங்கள் உடுத்திய பச்சைப் புடவை நன்று . ஓடும்போது முந்தானையில் கவனம் தேவை .' அதற்குமேல் எதுவும் இல்லை. ஆபாசமாக ஒரு வார்த்தை எழுதவில்லை, நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அப்படி ஐந்தாறு எழுதினேன். பால்கனியில் என்ன துணி காய்கிறது என்று ஒன்று. வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினேன் என்று ஒன்று. நான் நடித்தேன் என்று நினைக்காதீர்கள். எழுதி அனுப்பிவிட்டு, அது பதிவில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கே பயம் வந்துவிடும். கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். பாலகணேஷ் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். இரண்டாவது மாடிப் பையன்கள் என்னோடு லிஃப்டில் ஏறுவதை விட்டுவிட்டார்கள். யார் யாரைப் பார்த்தாலும் இவராக இருக்குமோ என்று இந்தக் கட்டிடமே பார்த்தது. வாட்ச்மேன் அக்பர் பாஷாவை அசோசியேஷன் நிறுத்திவிட்டது. போகும்போது என்னிடம் வந்து நின்றார். "இன்னா மேடம், பன்னெண்டு வருசமா கேட்டாண்ட ஒக்காந்துகினு கீறேன். நானா அப்டி செய்வேன்?" என்றார். நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நானும் சொன்னேன். அவருக்கு வேறு எங்காவது வேலை கிடைத்திருக்கும்.

கண்டுபிடித்தது கீர்த்தி. போன் செய்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, ஃபுல்ஸ்டாப்பைப் பாருங்க. முன்னாடி கேப் விட்டிருக்கான். பத்து வருஷமா உங்களுக்குக் கமெண்ட் போடறாரே அந்தக் கிழவர், அவரும் அப்படித்தான். ரெண்டும் ஒரே ஆள்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. "பாவம், வயசானவர். அவர் பேரை எங்கேயும் சொல்லிடாதே" என்றேன். அவளும் எங்கேயும் சொல்லவில்லை, ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களுடைய வாட்ஸாப் குழுவில் மட்டும் சொன்னாள். இரண்டு நாளில் அவருடைய ஃபோட்டோ, நங்கநல்லூர்த் தெரு, எல்லாம் அதில் வந்துவிட்டன. யாரையும் சந்தேகப்பட வேண்டாம் என்று பதிவில் நான் தனியாக ஒரு வேண்டுகோள் போட்டேன். அதைப் பதினைந்தாயிரம் பேர் படித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரையில் அறுநூறு பெண்களாவது இருந்திருப்பார்கள். மைக்கில் ஜவஹர் என்று ஒருவர் எல்லோரையும் கைதட்ட வைத்துக்கொண்டிருந்தார். மடிசார் கட்டி ஓடினவர்கள் இருந்தார்கள். கல்யாணப் புடவையோடு வந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, "நீதானம்மா மூணாவது மாடி? தைரியமா ஓடு, நாங்க இருக்கோம்" என்றார். என்னைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் வேலி மாதிரி ஓடினார்கள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

முடியும் இடத்தில் காற்றடைத்த மஞ்சள் வளைவு வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. நான் நினைத்ததைவிடக் குள்ளம். ஜவஹர்தான் முதலில் கேட்டார்.

"இன்னா பெருசு, பொம்பளைங்க ஓடற எடத்துல இன்னா வேல உனக்கு?"

"லாவண்யாங்கறவாளப் பாக்கணும்" என்றார் அவர்.

என் பெயர். அது போதுமானதாக இருந்தது. சட்டென்று அவரைச் சுற்றி வளையம் கூடிவிட்டது. எல்லோர் கையிலும் போன். ஒருத்தி பையைப் பிடுங்கினாள். உள்ளே ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. கீழே விழுந்து திறந்துகொண்டது. ரவா லாடு. என் பதிவில் இருக்கிற செய்முறைதான், முந்திரியைப் பார்த்தாலே தெரியும். யாரோ கன்னத்தில் அடித்தார்கள். கண்ணாடி போய்விட்டது. கண்ணாடி இல்லாமலே அவர் கூட்டத்துக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடினார். என்னைக் கண்டுகொண்டார். என் பழைய பதிவுகளில் என் படம் இருக்கிறது.

"நீங்க சொல்லுங்கோம்மா, நான் இல்லேன்னு. சொல்லுங்கோ."

நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். கழுத்தில் மெடல் இருந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன் என்று நினைக்கிறேன். வீடியோவில் அப்படித்தான் தெரிகிறது. அதை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் தள்ளின. அவர் பின்பக்கமாகச் சாய்ந்தார். ஜெனரேட்டர் வண்டியின் இரும்புக் கொக்கி அங்கே இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

தள்ளியவர்களை உங்கள் போலீஸ்காரர்கள் வீடியோவில் பார்த்துப் பிடித்துவிட்டார்கள். அவர்களில் கீர்த்தியும் இருந்தாள். அந்த வழக்கில் நான் பாதிக்கப்பட்ட பெண். உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் மிகவும் தன்மையாக நடந்துகொண்டார். நீங்கள் வந்த பிறகுதான் கேள்விகள் மாறின, வஜீஹா மேடம்.

அது என் தவறால்தான். ஒத்துக்கொள்கிறேன். அவர் போன பிறகு இரண்டு வாரம் எல்லோரும் எனக்கு ஆறுதல் எழுதினார்கள். பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆயிரம், முந்நூறு, எண்பது. பத்தொன்பதாம் நாள் காலை இங்கே உட்கார்ந்து, பெயர் போடாமல் எழுதினேன். 'வணக்கம் . தங்களை இன்றும் கண்டேன் . அவர் நானல்ல .' அவருடைய பெயர் கெட்டுப்போய்விட்டதே, அதைத் துடைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். வேறு எந்த வழியில் அவர் குற்றமற்றவர் என்று நிரூபிக்க முடியும்? அன்று இருபத்தோராயிரம் பேர் வந்தது நான் எதிர்பாராதது.

இறந்தவர் எழுத முடியாது என்பதால் நீங்கள் அது எங்கிருந்து வந்தது என்று தேடினீர்கள். இந்த வீட்டு இணைய இணைப்புக்கு வந்து நின்றீர்கள். அதை நான் மறுக்கவில்லை. குறிப்புகளை எழுதியது நான்தான்.

இப்போது நீங்கள் அவர் மனைவி ருக்மிணி அம்மாள் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். "கார்த்தால எழுந்து குளிச்சு, லாடு பிடிச்சு எடுத்துண்டு, 'அவாளே வரச் சொல்லியிருக்கா, நேர்ல பேசினா எல்லாம் சரியாப் போயிடும்'னு சொல்லிட்டுப் போனார்." அவருடைய போனில் இருந்த கடிதத்தையும் காட்டினீர்கள்.

ஆமாம். சனிக்கிழமை அவர் எனக்கு எழுதினார். தன்னைத் தெருவில் கண்டபடி பேசுகிறார்கள் என்றும், தன் மனைவி சாப்பிட மறுக்கிறாள் என்றும், அந்தக் குறிப்புகளைத் தான் எழுதவில்லை என்றும் எழுதியிருந்தார். நேரில் வந்து சொல்ல அனுமதி கேட்டார். வேண்டாம் என்றால் இனி எழுதுவதையே நிறுத்திவிடுவதாகவும் சொல்லியிருந்தார். கோபமாக ஒரு வரி இல்லை.

நான் பதில் போட்டேன். ஞாயிறு காலை ஏழரைக்கு வரச் சொன்னேன். மஞ்சள் வளைவுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். கூட்டத்தில் அடையாளம் தெரிவதற்காக வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னேன். கீர்த்தியிடமும், வெள்ளைச் சட்டையில் யாராவது வளைவுப் பக்கம் நின்றால் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்தேன். எல்லோரையும் படம் எடுக்கத் தயாராக இருக்கச் சொன்னதும் நான்தான்.

கடைசி வரியை நீங்கள் சத்தமாகப் படித்தீர்கள். 'பயப்படாமல் வாருங்கள் சார், நான் இருக்கிறேன்.' அதில் என்ன பொய் இருக்கிறது, மேடம்? இருந்தேன். ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகிற வரைக்கும் நான் அங்கேயேதான் இருந்தேன்.