எர்த் கம்பி

ஆம்ப்ளிஃபயர் செய்வது அப்படியொன்றும் சிரமமான வேலை இல்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஐம்பத்தாறாம் வருஷம் பெங்களூரில் பட்டாளத்துப் பழைய சாமான்கள் கிடைத்தன. வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் அங்கேதான் வாங்கிவந்தேன். எனக்கு ஓசூரில் ரேடியோ ரிப்பேர் கடை உண்டு. ஆனால் இதை விற்பதற்காகச் செய்யவில்லை. வீட்டில், எனக்காகச் செய்தேன்.

பாட்டு நன்றாகத்தான் வந்தது. ஆனால் அடியில் ஓர் உறுமல். முதலில் ஃபீட்பேக் கம்பியைச் சந்தேகித்தேன். வெளியே போகும் ஒலியில் ஒரு துளியைத் திரும்ப உள்ளே அனுப்பினால் பிசிறு அடங்கும்; முனைகள் மாறிப்போனால் பெட்டி ஊளையிடும். அதைச் சரிசெய்தும் உறுமல் போகவில்லை. குறை எர்த்தில், கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பியில் இருந்தது. அதோடு பழைய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தகரப் பெட்டிக்குக் கொஞ்சம் கரண்டு கசிந்தது. எர்த் கம்பிகளை இடம் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கசிவு எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

அதற்கு என் மனைவி சம்பங்கி இருந்தாள். கெலமங்கலத்து விவசாயக் குடும்பம். கூப்பிட்டால் வருவாள். வெறுங்காலோடு நின்று புறங்கையால் பெட்டியைத் தொடுவாள். "சுருக்குங்குதுங்க" என்பாள். "இப்ப முழங்கை வரைக்கும் ஏறுதுங்க" என்பாள். கடையில் மீட்டர் இருந்தது. கொண்டுவரத் தோன்றவில்லை. முள் நகர்வதைப் பார்ப்பதும் ஒரு முகத்தைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

நான் அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை, ஐயா. அக்கம்பக்கத்தில் கேட்டுப்பாருங்கள்.

மாமனார் தீர்த்தகிரி ஒருமுறை வந்தார். பாட்டுப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி ரசித்துக் கேட்டுவிட்டு, "புள்ளைக்குக் கையெல்லாம் மரத்துப் போவுதாமே, மாப்பிள்ளே?" என்றார்.

"தினமும் களி கிண்டுறதுங்களே, மாமா. அசந்துபோவுது."

அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். "உங்கம்மா வூடு மொத்தத்துக்கும் கிண்டுறா. உனக்கு ரெண்டு பேருக்குக் கிண்ட வலிக்குதா?"

சம்பங்கி என்னைப் பார்த்தாள். அவருக்குச் சோறு போட எழுந்துபோனாள்.

சித்திரையில் குறை பிடிபட்டது. எல்லா எர்த்தையும் ஒரே திருகாணியில் சேர்த்து, அங்கிருந்து ஒரு கம்பியைக் கொல்லையில் அடித்த இரும்புக் குழாய்க்குக் கொண்டுபோனேன். உறுமல் நின்றது. பாடுகிறவள் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. சம்பங்கியைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன்.

"ஒண்ணுமே இல்லீங்க" என்றாள். சிரித்தாள். என் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "இனிமே நான் தொட வேண்டியதில்லீங்களே?"

கேள்வியில் தவறில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. சில நாட்கள் பாட்டுக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. பாட்டு முடிந்ததும் வீட்டில் ஏதோ குறைவது போலிருந்தது. சம்பங்கி அடுப்படியில் வாய்க்குள் முணுமுணுத்துப் பாட ஆரம்பித்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் எர்த் கம்பியைக் கழற்றினேன். கரண்டு வரும் கம்பியை நேராகத் தகரப் பெட்டியோடு சேர்த்து முறுக்கினேன். பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டு, பெட்டியில் தூசி படிந்திருக்கிறது, ஈரத்துணியால் துடை என்றேன்.

வாசற்படியிலேயே நின்றாள். "கரண்டு அடிக்காதுங்களே?"

"அதான் எர்த் போட்டாச்சே."

நம்பினாள். துடைக்க வந்தாள். இந்தமுறை அவள் எதுவும் சொல்லவில்லை. சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் தன்மையானவர். எர்த் கம்பி தானாகக் கழன்றிருக்கும், கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் முடுக்கிய திருகாணி ஒன்றுகூட இதுவரை தானாகக் கழன்றதில்லை.