மாற்றாள்

இடுப்புவலி தங்கராசுவைப் பாதி ஆளாக்கியிருந்தது. உட்கார்ந்தால் லேசில் எழ முடியாது. இருபத்திரண்டு வருடம் கான்கிரீட் சட்டி தூக்கியதில் வந்தது. இனி பத்து கிலோ தூக்கினாலும் ஆயுசுக்கும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பயந்துதான் ஒரு ஷாப்பிங் மாலில் ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போனான்.

இதை எங்களுக்குச் சொன்னவன் கம்பி கட்டும் செம்பியன். தங்கராசு அவனுடைய கூட்டாளிக்கு மச்சான் முறை. சிதம்பரத்தில் ஒரு கட்டடத்துக்குத் தளம் போட வந்திருந்தோம். கலவை லாரி வரவில்லை. மழை. ஐந்து பேர் ஒரே தார்ப்பாய்க்குள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

"ராத்திரி மணி ரெண்டு பத்து," என்றான் செம்பியன். "முதுநகர் தாண்டி நம்மூர் ரோட்டுல ஒண்டியா நிக்குது பாரு, அந்த மாலு. ரோட்டுல ஒரு வண்டி இல்ல..."

அந்த இடத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு பேச்சு உண்டு. துணிக்கடையில், ஆள் இல்லாத டிரையல் ரூமிலிருந்து பெருமூச்சு வருமாம். பாப்கார்ன் கடை ஆரிபா காலையில் ஷட்டரைத் தூக்கினால், கண்ணாடியில் ஈர சிமெண்டு விரல் பதிந்திருக்குமாம். துடைப்பாள். மறுநாளும் இருக்கும். கட்டடம் திறந்து நான்கு வருடம் ஆகிறது.

தங்கராசு இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதவன். அன்றைக்கு மூன்றாவது மாடியைப் பார்த்துவரக் கிளம்பினான். எஸ்கலேட்டரை நிறுத்தியிருந்தார்கள். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினான். பாதி ஏறியதும் கரண்ட் போனது.

முதலில் சத்தம்... சர்ர்ர். தகரத்தில் மண்வெட்டி இழுபடும் சத்தம். பிறகு வாடை. பச்சை சிமெண்டு வாடை.

வயிற்றில் சில்லென்று ஏதோ இடித்தது. இரும்பு விளிம்பு. கீழ்ப்படியிலிருந்து யாரோ சட்டியை நீட்டுகிறார்கள்.

"வாங்கிட்டானா?" என்றான் எங்களோடு உட்கார்ந்திருந்த எழிலன்.

"நீ வாங்காம இருப்பியாடா?" என்றான் செம்பியன்.

படிக்கு ஒரு ஆளாக நின்று சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்றுவதுதான் எங்கள் தொழில். சட்டி நீட்டினால் கை தானாகப் போகும். வாங்கியதைப் போட முடியாது, கீழே ஆள் நிற்கும். அது பழக்கம். தங்கராசுவின் கையும் வாங்கிவிட்டது. இடுப்பில் 'மளுக்' என்றது. மேலே திரும்பினான். அங்கே இரண்டு கைகள் காத்திருந்தன. கொடுத்தான். கீழே திரும்பினான். அடுத்த சட்டி.

கீழே எத்தனை பேர், மேலே எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஒரு முகமும் தெரியவில்லை. ஒவ்வொரு சட்டிக்கும் 'ம்' என்று ஒரு முனகல் மட்டும் கீழிருந்து மேலே போனது... ம்... ம்... ம்...

தங்கராசுவுக்கு வேர்வை கண்ணில் வழிந்தது. இடது கால் மரத்துப்போனது. இன்னும் பத்து சட்டி வாங்கினால் இடுப்பு போய்விடும், பீ மூத்திரம்கூட அடுத்தவர் கையால்தான் என்று தெரிந்தது. கந்தனையும் கூப்பிட்டான், காளியையும் கூப்பிட்டான். சட்டி வந்துகொண்டே இருந்தது.

அப்புறம்தான் வேலைக்காரன் மாதிரி யோசித்தான். வரிசையில் நிற்கிறவன் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் என்ன செய்வான்? தன் இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிட்டுப் போவான்.

"முடியல," என்றான். "மாத்தாள் அனுப்புறேன். என்ன உடுங்க."

சட்டி நின்றது. முனகலும் நின்றது. கீழிருந்து ஒரு பெண் குரல், தண்ணி குடிக்காத தொண்டை, மெதுவாகக் கேட்டது.

"எப்ப?"

"சீக்கிரம்."

கரண்ட் வந்தது. படியில் யாரும் இல்லை.

காலையில் கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும், இருட்டிலும் தெரிகிற கேமரா. இரண்டு பத்திலிருந்து ஐந்து மணிவரை, தங்கராசு மட்டும் வெறுங்கையோடு கீழே குனிகிறான், மேலே திரும்புகிறான், குனிகிறான். ஆனால் அவன் உள்ளங்கை இரண்டும் சிமெண்டு அரித்து வெந்திருந்தன. நடக்க முடிந்தது. இடுப்பு தப்பித்துவிட்டது. அன்றைக்கே வேலையை விட்டு, அண்ணாகிராமம் பக்கம் ஒரு முந்திரிக் கொட்டகையில் பருப்பு பிரிக்க உட்கார்ந்துவிட்டான்.

"அங்க கட்டட வேலை செய்றப்ப யாருனா செத்தாங்களா?" என்று கேட்டேன்.

"அப்புடி ஒரு கேஸே இல்லைங்கறாங்க மாமா. வெளியூரு ஆளுங்க நெறைய வந்து செஞ்சாங்களாம். பேரு எழுதி வெச்சவங்க யாரும் இல்ல."

"மாத்தாளா அந்த ஓனரையே அனுப்பிச்சிருக்கலாம்," என்றான் எழிலன்.

"அந்தாளுக்கு சட்டி புடிக்கத் தெரியுமா?"

சிரித்தோம். சீக்கிரம் அடங்கிவிட்டது.

"அப்புறம் மூணு வாட்ச்மேன் மாறிட்டாங்க," என்றான் செம்பியன். "ஒருத்தன் பட்டாளத்துல இருந்தவன், ஒருத்தன் பேங்க் பியூனு, ஒருத்தன் டிரைவரு. ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல. சட்டி புடிச்ச கைக்குத்தான் அது வருது போல."

எங்களில் யாரும் தன் கையைப் பார்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டோம்.

"தங்கராசு மாத்தாள அனுப்பிட்டானா?" என்று கேட்டேன்.

செம்பியன் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"இல்ல. அந்த வரிசைக்கு அவன் ஒரு ஆள் தரணும். இன்னும் தரல."